கம்பெனி தரும் எலெக்ட்ரிக் கார்: எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கம்பெனியில் எலெக்ட்ரிக் கார் தருகிறார்கள். வரி மிகவும் குறைவாம். எடுக்கலாமா?" கேள்வி காரைப் பற்றியது. ஆனால் பதில் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எக்ஸெலைத் திறந்து பத்து நிமிடம் செலவழித்தால் போதும். கூட்டல், பெருக்கல் தெரிந்தாலே செய்துவிடலாம்.

முதலில் விஷயத்தைப் புரிந்து கொள்வோம். கம்பெனி கார் என்றால் கம்பெனி விலைக்கு வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ ஊழியரிடம் கொடுக்கும் கார். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அலுவலக வேலை போக, குடும்பத்தோடு வெளியூர் போகவும் ஓட்டலாம். அங்கேதான் வரித்துறை குறுக்கே வருகிறது. சொந்த உபயோகத்துக்குக் கார் கிடைத்தால் அதுவும் சம்பளம் மாதிரிதான், வரி கட்டு என்கிறது. இதற்கு 'பெனிபிட் இன் கைண்ட்' என்று பெயர்.

கணக்கு எளிது. காரின் பட்டியல் விலையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை உங்கள் வருமானமாக எடுத்துக் கொள்வார்கள். அந்தத் தொகைக்கு உங்கள் வருமான வரி விகிதப்படி வரி. சதவீதம் எவ்வளவு என்பதை கார் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அளவு முடிவு செய்கிறது. அதிகப் புகை விடும் பெட்ரோல் காருக்கு இது 37% வரை போகும். முழு எலெக்ட்ரிக் காருக்கு 2020-21 நிதியாண்டில் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! அடுத்த ஆண்டு 1%, அதற்கடுத்த மூன்று ஆண்டுகளும் 2%. அலுவலகங்களின் கார் நிறுத்துமிடங்களில் எலெக்ட்ரிக் கார்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம் இதுதான். சுற்றுச்சூழல் அக்கறையும் இருந்திருக்கும். ஆனால் வரிச் சலுகைதான் முன்னால் நின்றது என்பது என் கருத்து.

சலுகை நிரந்தரமல்ல. 2025-26ல் 3%, 2026-27ல் 4%, 2027-28ல் 5%, 2028-29ல் 7%, 2029-30ல் 9% என்று ஏறிக் கொண்டே போகும்படி அரசு அறிவித்திருக்கிறது. கம்பெனி கார் ஒப்பந்தம் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இருக்கும். எனவே முதல் வருட வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது.

எக்ஸெலில் எப்படிப் போடுவது?

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். பி1 செல்லில் காரின் பட்டியல் விலையை டைப் செய்யுங்கள். உதாரணத்துக்கு 40000 பவுண்டு என்று வைத்துக் கொள்வோம். பி2 செல்லில் வருமான வரி விகிதம், 40% என்று சதவீதக் குறியோடு டைப் செய்யுங்கள். (இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டும் பகுதிக்கு 40%, அதற்குக் கீழே 20%. ஸ்காட்லாந்தில் விகிதங்கள் வேறு.) இனி ஏ4 முதல் ஏ7 வரை 2026-27, 2027-28 என நான்கு ஆண்டுகளை எழுதுங்கள். பி4 முதல் பி7 வரை 4%, 5%, 7%, 9%.

சி4 செல்லுக்கு வாருங்கள். சமக்குறியைத் தட்டி, பி4 செல்லை கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி போடுங்கள். எக்ஸெலில் பெருக்கல் குறி அதுதான். அடுத்து பி1 செல்லை கிளிக் செய்து உடனே எப்4 கீயை அழுத்துங்கள். செல் பெயரில் டாலர் குறிகள் வந்து உட்காரும். பணத்துக்கும் இந்த டாலருக்கும் சம்பந்தமில்லை. பார்முலாவைக் கீழே இழுக்கும்போது இந்த செல் மட்டும் நகரக் கூடாது என்று எக்ஸெலுக்குப் போடும் பூட்டு அது. மீண்டும் நட்சத்திரக் குறி, பி2, எப்4. என்டர் கீயைத் தட்டுங்கள். 640 என்று விடை வரும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் எப்4 வேலை செய்யவில்லை என்றால் எப்என் கீயையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

இப்போது சி4 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து சி7 வரை இழுத்து விடுங்கள். 800, 1120, 1440 என்று மீதி விடைகள் தாமாக வரும். நான்கையும் கூட்டினால் 4,000 பவுண்டு. இதே விலையில், கிலோமீட்டருக்கு சுமார் 120 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும் ஒரு பெட்ரோல் காருக்கு 2025-26ன் விகிதம் 30%. ஒரே ஆண்டு வரி 4,800 பவுண்டு! பெட்ரோல் காரின் ஓராண்டு வரியை விட எலெக்ட்ரிக் காரின் நான்காண்டு வரி குறைவு. ஏறுகிற விகிதத்திலும் இதுதான் நிலைமை. பி2 செல்லில் 20% என்று மாற்றிப் பாருங்கள், எல்லாத் தொகையும் பாதியாகும்.

ஒரு சிக்கல். வரித்துறை எடுப்பது பட்டியல் விலையை. கடைக்காரர் ஐயாயிரம் பவுண்டு தள்ளுபடி கொடுத்தாலும் வரி குறையாது.

சம்பளத்தில் பிடித்தம்

சில கம்பெனிகள் காரை இலவசமாகத் தருவதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடு, பதிலாகக் கார் எடுத்துக்கொள் என்கின்றன. விட்டுக் கொடுத்த தொகைக்கு வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கிடையாது. மாதம் 500 பவுண்டு விட்டுக் கொடுக்கும் 40% வரிக்காரருக்கு 42% மிச்சம். கையில் குறைவது 290 பவுண்டு மட்டுமே. மேலே பார்த்த கார் வரி மாதம் 53 பவுண்டைச் சேர்த்தாலும் 343தான்.

கேட்க இனிக்கிறது. ஆனால் காகிதத்தில் உங்கள் சம்பளம் குறைந்துவிட்டது. அதை வைத்துக் கணக்கிடும் பென்ஷன் குறையலாம். வீட்டுக் கடன் கேட்டால் வங்கி குறைந்த சம்பளத்தையே பார்க்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், வேலையை விட்டால் காரைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்குக் கட்டணமும் கேட்கலாம். சாப்ட்வேர் துறையில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

சார்ஜ் எங்கே போடுவது?

என்னைக் கேட்டால் எடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். புரிய வேண்டுமானால் கிலோவாட், கிலோவாட் ஹவர் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். கிலோவாட் ஹவர் என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட். பேட்டரியின் கொள்ளளவை அதில் சொல்வார்கள், ஹார்ட் டிஸ்க்கை ஜிபியில் சொல்வது போல. கிலோவாட் என்பது வேகம், இன்டர்நெட் டவுன்லோட் ஸ்பீடு மாதிரி. 60 யூனிட் பேட்டரியை 7 கிலோவாட் வீட்டு சார்ஜரில் நிரப்ப எட்டரை மணி நேரம் ஆகும். சாதாரண பிளக்கில் ஒரு நாளைத் தாண்டிவிடும்.

வாசலில் கார் நிறுத்த இடமிருந்து, இரவுக்கென்று மலிவுக் கட்டணத் திட்டமும் எடுத்தவருக்கு ஒரு யூனிட் 8 பென்ஸுக்குக் கூடக் கிடைக்கும். (பென்ஸ் இங்கே கார் அல்ல, காசு!) பேட்டரி நிரப்ப ஐந்து பவுண்டு கூட ஆகாது, சுமார் 200 மைல் ஓடலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர் சாலையோர அதிவேக சார்ஜரை நம்ப வேண்டும். அங்கே யூனிட் 75 பென்ஸ் என்று வைத்தால் அதே பேட்டரிக்கு 45 பவுண்டு. வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5%, பொது சார்ஜருக்கு 20%. வசதி குறைந்தவருக்கே வரி கூடுதல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதிவேக சார்ஜரிலும் 80% தாண்டினால் வேகம் குறைந்துவிடும். பேட்டரியைக் காப்பாற்ற காரின் கம்ப்யூட்டரே செய்யும் வேலை அது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதாலும், குளிர்ந்த பேட்டரி சரியாக வேலை செய்யாததாலும் ஓடும் தூரமும் குறையும். தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும் விற்பனைப் பிரதிநிதிக்கு இது தலைவலி. அலுவலகத்துக்குப் போய் வருபவருக்குப் பெரும்பாலும் தெரியக்கூடச் செய்யாது.

இன்னொரு செலவும் வரப் போகிறது. எலெக்ட்ரிக் கார்களுக்கு 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ் என 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 10,000 மைல் ஓடினால் 300 பவுண்டு. இதை யார் கட்டுவது, நீங்களா கம்பெனியா என்று ஒப்பந்தத்தில் பார்த்து, எக்ஸெலில் ஒரு வரிசை கூடுதலாகச் சேருங்கள்.

சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்

2022 ஜூன் 30 முதல் இங்கிலாந்தில் விற்கப்படும் புதிய வீட்டு சார்ஜர்கள் 'ஸ்மார்ட்' ஆக இருக்க வேண்டும். மின்தேவை அதிகமுள்ள காலை, மாலை வேளைகளைத் தவிர்க்கும்படியே செட்டிங்ஸ் வரும். வேண்டுமானால் நீங்கள் மாற்றிக் கொள்ளலாம். எனவே மாலை ஆறு மணிக்குக் கேபிளைச் செருகியும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது என்று பதற வேண்டாம். செட்டிங்ஸைப் பாருங்கள். சார்ஜர் இருக்கும் இடத்துக்கு வைபை சிக்னல் எட்டுகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கார் எங்கே நிற்கிறது, எப்போது ஓடியது என்பதெல்லாம் மொபைல் ஆப்பில் தெரியும். இந்தத் தகவல் கம்பெனிக்கும் போகிறதா என்று கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்து சாவியைக் கொடுக்கும் நாளில் காரின் திரையில் செட்டிங்ஸ் போய் பேக்டரி ரீசெட் கொடுங்கள். போன் புத்தகம், வீட்டு முகவரி, சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அழியும். பிறகு உங்கள் மொபைல் ஆப்பிலிருந்தும் அந்தக் காரை நீக்கிவிடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.