பழைய கேமராவுக்குப் புதிய பெயின்ட்: வீட்டிலேயே அடிக்கலாம்

பெயின்ட் என்றதும் கம்ப்யூட்டரில் படம் வரையும் பெயின்ட் புரோகிராம்தான் உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது டப்பாவில் விற்கும் பெயின்ட் பற்றி. கம்ப்யூட்டர் இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் கீபோர்டு, மவுஸ், மானிட்டரின் சட்டம், சிபியு கேபினட்டின் முகப்பு ஆகியவை பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. 1980, 90-களில் வந்த பல கேமராக்களின் உடலும் இதே வகைதான். ஒன்றில் கற்ற பாடம் மற்றதற்கும் உதவும். அந்தப் பாடத்தை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கேமரா

என் அப்பா 1990-களில் வாங்கியது யாஷிகா எம்எப்-2 சூப்பர். 35 மி.மீ. பிலிம் போடும் எளிய கேமரா. போகஸ் செய்யும் வேலை இல்லை. உள்ளேயே பிளாஷ் உண்டு. அந்த நாட்களில் நம் ஊரில் பல வீடுகளில் இந்தக் கேமராவைப் பார்க்கலாம். டிஜிட்டல் கேமராவும் பிறகு மொபைல் போனும் வந்ததும் இது அலமாரிக்குள் போய்விட்டது.

எங்கள் ஊர் மண்டபம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் வீட்டுக்குள் உப்பு வந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து கேமராவை எடுத்தபோது உடல் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. கீறல்கள் விழுந்து, எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கரின் பசை கறுத்துப் போயிருந்தது. புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து அப்பாவிடம் கொடுப்போம் என்று நினைத்தேன்.

நான் செய்த தவறு

பசையை எடுக்க வீட்டில் இருந்த தின்னரைத் துணியில் நனைத்து, பின்பக்க மூடியைத் துடைத்தேன். சில நொடிகளில் அந்த இடம் பிசுபிசுத்தது. பதறிப்போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே அச்சாகப் பதிந்துவிட்டது.

காரணம் எளிது. தின்னரில் பெரும்பாலும் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் கலந்திருக்கும். இவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நகப்பூச்சை அழிக்கும் திரவங்கள் பலவற்றிலும் அசிட்டோன் உண்டு. இரும்புக்கும் மரத்துக்கும் பழகிய கையோடு பிளாஸ்டிக்கைத் தொட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்பா கோபப்படவில்லை. "அழகு கிடக்கட்டும்ப்பா, அது படம் எடுக்குமான்னு மொதல்ல பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. நீங்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிலிம் போடாமல் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை நிறப் பூப்பு இருக்கிறதா, லென்ஸில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று கவனியுங்கள். இயங்காத கேமராவாக இருந்தால் முதலில் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பெயின்டைப் பிறகு பார்க்கலாம்.

படகுக்காரர் சொன்ன வழி

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்த்து, பெயின்ட் அடிப்பது அப்போதுதான். படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். "பெயின்ட்டு கடைசி வேலை தம்பி. உப்பு போகக் கழுவுறதுதான் மொத வேலை" என்றார்.

அவர் சொன்னதன் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. நாம் சாப்பிடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்புத் துகள் மேல் பெயின்ட் அடித்தால், அது பூச்சின் வழியாகவும் ஈரத்தை இழுக்கும். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும், பிறகு உரியும். இரும்பாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடல் காற்றில் உலோகங்கள் அரிப்பதை ஆராய மண்டபத்தில் தனி மையம் அமைத்ததற்கு எங்கள் ஊரின் இந்தக் காற்றுதான் காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கும் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலமானாலும் கேமராவானாலும் வரிசை ஒன்றுதான்: கழுவு, தேய், பிரைமர் அடி, பெயின்ட் அடி, ஆறவிடு.

எச்சரிக்கை: கேமராவைக் கழற்ற வேண்டாம்

பிளாஷ் உள்ள கேமராவுக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கும். இரண்டு சிறிய பேட்டரிகளின் 3 வோல்ட்டை உயர்த்தி, ஏறத்தாழ 300 வோல்ட்டாக அதில் சேமித்து வைப்பார்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கலாம். விரல் பட்டால் கடுமையான அதிர்ச்சி கிடைக்கும். எனவே பேட்டரியை எடுத்துவிடுங்கள்; மேல்மூடியின் ஸ்குரூவைத் தொடாதீர்கள். வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடித்தால் போதும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கும் இதே விதிதான். கேபினட்டுக்கு வண்ணம் அடிக்க விரும்பினாலும் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

தேவையான பொருட்கள்

பாத்திரம் கழுவும் சோப்பு நீர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், மாஸ்கிங் டேப், 600 மற்றும் 1000 எண் வாட்டர் பேப்பர், காரின் பிளாஸ்டிக் பம்பருக்கு அடிக்கும் பிரைமர் ஸ்ப்ரே, பிளாஸ்டிக்கிற்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பளபளப்பற்ற கறுப்பு ஸ்ப்ரே, முகக்கவசம். ஆல்கஹாலும் ஸ்ப்ரேயும் எளிதில் தீப்பிடிக்கும். சமையலறையிலும் மூடிய அறையிலும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

செய்முறை

1. போட்டோ எடுங்கள்: வேலையைத் தொடங்கும் முன் கேமராவை ஆறு பக்கமும் மொபைலில் படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் உருவாக்கி அதில் காப்பி செய்து, 01, 02, 03 எனப் பெயரிடுங்கள். 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 10 என்ற பைல் 2-க்கு முன்னால் வந்து நின்று குழப்பும். எந்த எழுத்து எங்கே இருந்தது, எந்த இடத்தில் பெயின்ட் இல்லை என்பதைப் பிறகு இந்தப் படங்கள்தான் சொல்லும்.

2. சுத்தம் செய்யுங்கள்: கேமராவை நீரில் முக்கக் கூடாது. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு நல்ல நீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை துடையுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது. எனவே துடைத்தது போதும் என்று தோன்றிய பிறகும் ஒரு முறை துடையுங்கள். பசையைப் பஞ்சில் நனைத்த ஆல்கஹாலால் எடுக்கலாம். அதையும் முதலில் பேட்டரி மூடியின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதியுங்கள். நான் தின்னருக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ரேகை விழுந்திருக்காது.

3. தேயுங்கள்: 600 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, பிறகு 1000 எண்ணால் முடியுங்கள். பளபளப்பு போய் மங்கலானால் போதும். பெயின்ட் பிடித்துக்கொள்ள நுண்ணிய கீறல்கள் தேவை. தேய்த்த பிறகு மீண்டும் துடைத்து, ஓர் இரவு காயவிடுங்கள்.

4. மறையுங்கள்: அதிக நேரம் எடுக்கும் வேலை இதுதான். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. லென்ஸ், வியூபைண்டரின் இரண்டு பக்கங்கள், பிளாஷ் கண்ணாடி, ஷட்டர் பட்டன், பிலிம் சுற்றும் சக்கரம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டுங்கள். இல்லையேல் பெயின்ட் உள்ளே புகும். பின்மூடி வந்து பொருந்தும் பள்ளத்தை மறக்கவே கூடாது. அங்கே பெயின்ட் சேர்ந்தால் மூடி சரியாக மூடாது. வெளிச்சம் கசிந்து பிலிம் முழுவதும் வீணாகிவிடும்.

5. நாள் பாருங்கள்: நல்ல நாள் அல்ல, காய்ந்த நாள்! ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் அது பெயின்ட் மேல் படிந்து, கறுப்பு நிறம் பால் தெளித்தது போல் வெளுக்கும். இதைத் தவிர்க்கப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பெயின்ட் அடிப்பவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பரப்பின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை. இன்டர்நெட்டில் வானிலைத் தளங்கள் பலவற்றில் உங்கள் ஊரின் பனிநிலையைப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் எளிய கணக்கு ஒன்று உண்டு. 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து 5-ஆல் வகுத்தால் வருவதுதான் ஏறத்தாழ வித்தியாசம். ஈரப்பதம் 80 என்றால் வித்தியாசம் 4, அடிக்கலாம். 90 என்றால் 2. அன்று கேமராவைத் தொடாதீர்கள். நான் இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு அடித்தேன். காற்றில் மணல் பறக்கும் ஊர் என்பதால் ஓர் அட்டைப் பெட்டியைச் சாய்த்து, கேமராவை அதற்குள் வைத்துக்கொண்டேன்.

6. அடியுங்கள்: டப்பாவை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, முதலில் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், கையை நிறுத்தாமல் ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடிக்க வேண்டும். பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் பெயின்ட் மூன்று மெல்லிய பூச்சுகள். ஒவ்வொன்றுக்கும் இடையே டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் விடுங்கள். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அவசரப்பட்டுத் தடிமனாக அடித்தால் வழிந்துவிடும். நான் முதல் நாள் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும், மறுநாள் பின்மூடியையும் அடித்தேன்.

7. ஆறவிடுங்கள்: வெயிலிலும் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய கரைப்பான் குமிழியாக எழும்பும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் பூச்சு முழுமையாக இறுகச் சில நாட்கள் ஆகும். ஒரு வாரம் வரை நான் கையில் எடுக்கவில்லை.

எழுத்துகள் போய்விட்டால்

உடலில் அச்சிட்டிருந்த எழுத்துகளும் குறிகளும் பெயின்டில் மறைந்துவிடும். இங்கே கம்ப்யூட்டர் உதவும். எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்து, வேர்டில் அதே எழுத்துகளை டைப் செய்திடுங்கள். ஸ்கேலால் அளந்து மி.மீ. கணக்கில் அளவைச் சரி செய்து, முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு கேமரா மீது வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்டிக்கர் தாளில் லேசர் பிரிண்டர் உள்ள கடையில் அச்சிடலாம். சாதாரண இங்க்ஜெட் மை வியர்வை பட்டால் கலையும். பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது என்பதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அமைத்து வெள்ளை ஸ்டிக்கரில் அச்சிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு அடிக்கலாமா?

கேபினட்டின் முகப்புக்கு இதே முறையில் அடிக்கலாம். முகப்பைத் தனியே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளைகள் அடையக் கூடாது. கீபோர்டின் பட்டன்களுக்கு அடிக்க வேண்டாம்; விரல் பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய அடிப்பக்கம் பாருங்கள். ஏபிஎஸ் என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கலாம்.

கடைசியாக

ஒரு வாரம் கழித்து 36 படங்கள் எடுக்கும் பிலிம் ஒன்றை வாங்கிப் போட்டு, கேமராவை அப்பாவிடம் கொடுத்தேன். உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. எனவே வெளிநாட்டு பிலிம்தான். அப்பா பாலத்துக்குப் போய், புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி படகுகளுக்காக நேராக மேலே எழுவதை எடுத்தார். பிலிமைக் கழுவிய இடத்திலேயே ஸ்கேன் செய்து பென் டிரைவில் தந்தார்கள். வெளிச்சம் கசியவில்லை.

அதே கேமராவில் அவர் 1990-களில் எடுத்த நெகட்டிவ் ஒன்றையும் 2400 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தேன். சுமார் 3400-க்கு 2270 பிக்சல் கிடைத்தது. அதில் 1914-இல் திறந்த பழைய பாலத்தின் மேல் ரயில் போகிறது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. இனி அந்தப் படத்தை யாரும் எடுக்க முடியாது. இரண்டு படங்களும் இப்போது ஒரே போல்டரில் இருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கேமராவும் சில நெகட்டிவ்களும் இருக்கும். பெயின்ட் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை; எடுத்து உப்பும் தூசியும் போகத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

எங்கள் கேமராவின் பின்மூடியைச் சாய்த்துப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் தெரிகிறது. தின்னர் பக்கம் போகாமல் இருந்தால் உங்கள் கேமராவில் அது இருக்காது.