நிலாவரையும் நாவின் சாட்சியமும்

மார்கழி மாதத்து விடியற்காலையிற் கிணற்றடிக்குச் செல்லும் எவரும் அறிந்த புதுமை ஒன்றுண்டு. வாழையிலைகளிற் பனி சொட்டிக்கொண்டிருக்கும், உடல் நடுங்கும். ஆயினும் முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் அது இளஞ்சூடாக இருக்கக் காண்போம். அதே கிணற்றில் உச்சிப்பொழுதில் அள்ளும் நீரோ குளிர்ந்திருக்கும். கிணறு காலையிற் சூடாகி மத்தியானத்திற் குளிர்கிறது என்று சிறுபராயத்தில் நம்பியவர்களுள் நானும் ஒருவன்.

உண்மையிற் கிணறு ஒன்றுமே செய்வதில்லை. நிலத்தடி நீரின் வெப்பநிலை ஒருநாட் பொழுதிற்குள் மாறிவிடுவதன்று. மாறுவது நமது தோல். விடியற் குளிரில் ஆறிய தோலுக்கு அந்நீர் சூடு. உச்சி வெயிலிற் காய்ந்த தோலுக்கு அதுவே குளிர். ஆங்கிலத் தத்துவஞானி யோன் லொக் 1690 இல் வெளிவந்த தமது நூலில் இதனைச் சுருக்கமாக விளக்கினார். ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்கு வெப்பமாகவும் தோன்றலாம் என்பது அவர் கூற்று. மாணவ நண்பர்கள் மூன்று பாத்திரங்களைக் கொண்டு இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒன்றிற் குளிர்நீர், ஒன்றிற் கை பொறுக்கும் சூட்டு நீர், நடுவில் இளஞ்சூட்டு நீர். இரு கைகளையும் ஓரங்களிலுள்ள பாத்திரங்களில் ஒரு நிமிடம் வைத்திருந்து, பின் ஒருமிக்க நடுப் பாத்திரத்தில் இடுக. ஒரே நீரைப் பற்றி இரு கைகளும் இரு விதமாகச் சாட்சி சொல்லும்.

நமது புலன்கள் தராசும் முழக்கோலும் அல்ல. 'எவ்வளவு' என்பதை அவை நமக்குச் சொல்வதினும், 'முன்னிருந்ததிலிருந்து எவ்வளவு மாறியது' என்பதையே சிறப்பாகச் சொல்கின்றன. இந்த உண்மையைப் புத்தூர் மண்ணில் நின்று சிந்திப்பவருக்கு ஒரு தனி வசதியுண்டு. அதுதான் நிலாவரை.

புத்தூரை அடுத்த நவக்கிரியிற் சுண்ணாம்புக் கற்பாறையினூடே அமைந்துள்ள இக்கிணற்றைப் பார்க்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மிகச் சிலரே. வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். இங்கே இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்பர் ஊரார். எல்லாவற்றுக்கும் மேலாக, "அடியில்லாக் கிணறு" என்பது அதன் பட்டம். 2016 ஆம் ஆண்டிற் கடற்படையினர் ஆராய்ந்தபோது ஏறத்தாழ 55 மீற்றர் ஆழம் காணப்பட்டதென்றும், அடியில் மாட்டுவண்டிகள் கிடந்தனவென்றும் பத்திரிகைகள் எழுதின. அடியுண்டு என்பது இன்று தெரிந்ததே. ஆனாற் கரையில் நின்று எட்டிப்பார்க்கும் கண் அதை இன்றும் ஒப்புவதில்லை. ஏன்?

ஆழம் என்பது கண்ணுக்குள் நேரே வந்து விழும் பொருளன்று. விழித்திரையிற் பதியும் படம் தட்டையானது. அதில் விழும் குறிப்புகளைக் கொண்டு மூளை ஆழத்தை ஊகிக்கிறது. இதனை "நனவிலி ஊகம்" என்றார் ஜேர்மன் அறிஞர் ஹெல்மோல்ட்ஸ். சாதாரணக் கிணற்றில் அடிக்கல் தெரியும், பாசி தெரியும். அங்கே ஒளிமுறிவு காரணமாகக் கண் ஆழத்தைக் குறைத்தே மதிக்கும். நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு எட்டடி நீர் ஆறடியாகவே தோன்றும். நிலாவரையிலோ பற்றிக்கொள்ள ஒரு குறிப்பும் இல்லை. நீர்மட்டத்தின் கீழே நீலம் இருளாகி மறைகிறது. குறிப்பு உள்ளவிடத்தில் ஆழத்தைக் குறைத்துச் சொன்ன அதே கண், குறிப்பு அற்றவிடத்தில் முடிவின்மையைக் கற்பித்துவிடுகிறது. நம் முன்னோர் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதைச் சொன்னார்கள்.

கிணற்றங்கரையிற் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாய்மாருக்கு ஒரு செய்தி. 1960 இல் அமெரிக்க உளவியலாளர் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வோக்கும் கண்ணாடி மேசையொன்றின் ஒரு பாதியில் பள்ளம் இருப்பதுபோல் அமைத்து, ஆறு முதற் பதினான்கு மாதக் குழந்தைகள் 36 பேரை அதன் நடுவே விட்டனர். நகர முற்பட்ட 27 குழந்தைகளும் பள்ளமற்ற பக்கம் தவழ்ந்து சென்றன. தாய் அழைத்தும் பள்ளத்தின்மேல் தவழ்ந்தவை மூன்றே. பின்வந்த ஆய்வுகள், இந்த அச்சம் தவழ்ந்து பழகும்போதே வலுப்பெறுவதைக் காட்டின. புதிதாகத் தவழத் தொடங்கிய பிள்ளைக்கு விளிம்பு வெறும் கோடே. ஆதலின் தாய்மாரின் பிடி தளரவேண்டியதில்லை!

கண்ணை விட்டு நாவுக்கு வருவோம். நிலாவரையின் உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது. மேலே நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீர் என்பது இக்கிணற்றின் இயல்பு. எமேர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலேயே இது கூறப்பட்டுள்ளது. இது நிலாவரைக்கு மட்டும் உரிய மாயமன்று. குடாநாட்டின் சுண்ணக்கல்லினுள் மாரி மழைநீர் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது தாழ்ந்திருக்கும் என்பது நீரியலாரின் கணக்கு. மேலே சிறிது குறைந்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்பதை இதனால் உய்த்துணரலாம். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே ஒரு வரம்பாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வரம்பு இல்லை.

நாவு என்ன செய்கிறது? லைப்சிக் நகரத்து வெபர் 1834 இல் ஒரு விதியைக் கண்டார். ஒரு மாற்றம் உணரப்படுவது அதன் அளவால் அன்று, முன்பிருந்ததோடு அது கொள்ளும் விகிதத்தால். நாற்பது இறாத்தற் சுமையுடன் ஓர் இறாத்தல் கூடினாற்றான் கை உணரும். நான்கு இறாத்தலோடு பத்தில் ஒரு பங்கு கூடினாலே போதும். உவர்ப்புக்கும் இவ்வாறே. வாயிலேயே உமிழ்நீர் சிறிது உப்புடையது. நாவு அதற்குப் பழகி, அதையே சூனியமாகக் கொள்கிறது. 1960களில் நடந்த சோதனைகளில், உப்புக் கரைசலுக்கு நாவைப் பழக்கியபின் அருந்திய தூய நீர் கசப்பாகவோ புளிப்பாகவோ தோன்றியது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிப்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. தண்ணீருக்கென்று ஒரு சுவை இல்லை. நாவு முன்பு எங்கிருந்ததோ, அதன் நிழலே அது.

கணப்பொழுதிற் பழகுவது ஒருபுறமிருக்க, மாதக்கணக்கிற் கற்பதும் உண்டு. 1982 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சில மாதங்கள் உப்புக் குறைந்த உணவை உண்டவர்கள், பின்னர் முன்னைவிடக் குறைந்த உப்பையே சுவையாகக் கருதினர். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்ற பழமொழியை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அளவு 'உப்பில்லாதது' என்பதை நாவு கற்றுக்கொள்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இந்தக் கல்வி எங்கள் வீட்டில் விளைத்த சங்கடம் ஒன்றையுஞ் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை ஆண்டுக்கொருமுறை வருவாள். சில ஆண்டுகளுக்கு முன் ஆவணியில் வந்தவள், முதல் மிடறு குடித்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணை, என்ன தண்ணி இப்பிடிச் சவர்க்குது?"

எங்களுக்குச் சினமே வந்தது. "வெளியூர்த் தண்ணி குடிச்சுப் பழகினவள்" என்று அம்மா முணுமுணுத்தார். நாங்கள் அறுவரும் ஒரே நீரை நாள்தோறும் குடிக்கிறோம், ஒருவருக்கும் உவர்க்கவில்லை. அறுவர் சாட்சியத்துக்கு எதிரே ஒருத்தியின் சொல் எப்படி நிற்கும்? ஆனால் நேற்றையதினும் இன்று நூறில் ஒரு பங்கு உவர்ப்புக் கூடினால் எந்த நாவும் அறியாது. நாளை அதுவே பழகிய அளவாகிவிடும். ஆண்டு முழுவதும் கூடியதை ஒரே மிடற்றில் அறிந்தவள் அவள் ஒருத்தியே. எங்கள் அறுவர் சாட்சியமும் உண்மையில் ஒரே சாட்சியம்.

உவர்ப்பாவது ஒருநாள் நாவுக்கு எட்டும். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைக் கடக்கும்போது பொதுவாகச் சுவையில் தெரியத் தொடங்கும். நைத்திரேற்று அப்படியன்று. தோட்டங்களுக்கு இடும் செயற்கை உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் சுண்ணக்கல்லினூடே அது எளிதிற் கிணற்றைச் சேர்கிறது. சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; குடாநாட்டின் பல தோட்டக் கிணறுகள் அதைக் கடந்துள்ளமை ஆய்வுகளில் வெளியாகியிருக்கிறது. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். கிணற்று நீருக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை 1945 இல் அமெரிக்க மருத்துவர் கொம்லி எடுத்துக்காட்டினார். "கொதிக்க வைத்தோமே" என்று தாய்மார் ஆறுதலடைவதுண்டு. கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறியும். இங்கே எத்துணைக் கூரிய நாவும் உதவாது. நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதொன்றே வழி.

தங்கை திரும்பிய பின்னர், அயலில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன், மின்கடத்துதிறனால் உப்பின் அளவை அறியும் சிறு கருவியொன்றைக் கொண்டுவந்தான். எங்கள் கிணற்று நீரையும் இரண்டு வளவு தள்ளியுள்ள கிணற்று நீரையும் இரு குவளைகளில் வைத்து அளந்தான். எங்கள் குவளையில் எண் மற்றதன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை குடிநீருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு அந்த வளவுக்கு அவரே போனார். முதல் ஒருவாரம் அந்த நல்ல தண்ணீர் எங்கள் எல்லோருக்கும் சப்பென்றிருந்தது.