அன்றாட அடுக்களையில் கீன்வாவும் சாமையும்

திருவண்ணாமலை மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்புறத்தில், ஆதி அண்ணாமலையார் கோயிலை நடுவாய்க் கொண்டு, அடி அண்ணாமலை என்னும் கிராமம் அமைந்திருக்கின்றது. பௌர்ணமிதோறும் இவ்வழியே செல்லும் யாத்திரிகர் கூட்டத்தைப் பற்றி இங்கு விரித்துக் கூற வேண்டுவதில்லை. ரமணாசிரமத்தையும் மலையையும் நாடி வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டாரும் பலர். அவர்கள் தம் ஊரில் உண்டு பழகிய பண்டங்களை இங்கும் கேட்பதால், கீன்வா என்னும் தானியம் நகரத்துக் கடைகளில் சிறு பொட்டலங்களில் விற்பனைக்கு வந்துள்ளது. அதனைக் கண்ட நம் குடியானவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். இதனை நம் வீட்டில் எவ்விதம் சமைப்பது என்பது ஒன்று. இதனை நம் நிலத்தில் விளைவிக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டிற்கும் விடை கூறப் புகுந்தால், இந்நாட்டுப் புன்செயில் முன்பு தாராளமாய் விளைந்த சாமையைப் பற்றியும் பேசாமல் தீராது.

கீன்வா தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரைச் சார்ந்த பொலிவியா, பெரு முதலிய தேசங்களின் தொன்மையான உணவு. சிலர் இதனைச் சீமைத் தினை என்று வழங்குகின்றனர். பெயர் அழகியதே, ஆயினும் பொருந்தாது. தினை புல்லினத்தைச் சேர்ந்தது. கீன்வாவோ நம் வயல் வரப்புகளில் தானாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரையின் நெருங்கிய உறவு. கீரைச் செடியின் விதையையே அந்நாட்டார் சோறாக்கி உண்கின்றனர் என்று கொண்டால் தவறில்லை.

இதில் புரதம் மிகுதி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் கீன்வாவில் ஏறக்குறைய 13 கிராம் புரதம் உள்ளது. சாமையில் 10 கிராம். தீட்டிய அரிசியில் 8 கிராம். மேலும், மற்றத் தானியங்களில் குறைவாயுள்ள லைசின் என்னும் புரதக்கூறு கீன்வாவில் போதிய அளவு இருக்கின்றது. நார்ச்சத்தும் மிகுதி. இவ்வளவும் உண்மை, இதை மறைத்துச் சாமையைப் புகழ்வதில் பயனில்லை.

சமைக்கும் முறைக்கு வருவோம். கீன்வா விதையின் மேல் சபோனின் என்னும் கசப்புப் பொருள் படிந்திருக்கும். பூந்திக் கொட்டையை நீரில் கசக்கினால் நுரை வருவதற்குக் காரணமான பொருளும் இவ்வினத்ததே. ஆகையால் கீன்வாவை ஒரு முறை அலசி உலையில் இட்டால் கசக்கும். சிலருக்கு வயிற்றையும் கலக்கும். மூன்று நான்கு நீர் மாற்றி, நுரை அடங்கும் வரை கையால் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். விதை மிகச் சிறியதாதலால், துணியிலோ மெல்லிய சல்லடையிலோ வடிகட்டாவிடில் பாதி நீரோடு போய்விடும். கழுவிய பின் ஒரு பங்கிற்கு இரண்டு பங்கு நீர் வைத்து, மூடி, சிறு தீயில் 15 நிமிஷம் வேகவைத்தால் போதும். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெண்மையான நூல் போல் முளைப்பகுதி பிரிந்து தோன்றுவதே பதம்.

இவ்வாறு வெந்ததை உப்புமாவாகத் தாளிக்கலாம். எலுமிச்சைச் சாறு பிழிந்து, கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கலந்த சோறாக்கலாம். பாசிப்பருப்பும் மிளகும் சேர்த்துப் பொங்கலாகவும் செய்யலாம். குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்பதற்கு மட்டும் இது அவ்வளவாக இணங்குவதில்லை. விதை தனித்தனியே நின்று குழம்பை ஏற்காமல் நழுவும். சாமையும் கீன்வாவும் சமபங்காகக் கலந்து சமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். ஆனால் கடையில் அதன் விலையைப் பார்க்கும் குடும்பத் தலைவி நாள்தோறும் அதனை உலையில் இடத் துணியமாட்டாள் என்பது வெளிப்படை.

இனிச் சாமை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் இதனை இன்றும் பயிரிட்டு வருகின்றனர். சமவெளியிலோ, மானாவாரிப் புன்செய் உள்ள குடும்பங்களும் இதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அதற்குக் குடியானவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. கையில் வந்து சேரும் அரிசியை விட்டு எவரும் சாமையைக் குத்திக்கொண்டிரார். உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போக்கி, கல் அரித்து எடுப்பது வீட்டுப் பெண்களின் தோளை முறித்த வேலை. அவ்வேலையிலிருந்து அவர்கள் விடுபட்டதற்கு வருந்துவோர் எவரேனும் இருந்தால், அவர்கள் ஒரு நாளேனும் உலக்கை பிடித்துப் பார்த்தல் நலம்.

ஆயினும் உமி நீக்கும் இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. சாமை திரும்பவும் சில வீடுகளில் நுழைகின்றது. நுழைந்த வேகத்திலேயே வெளியேறியும் விடுகின்றது. காரணம் சுவையன்று, சமைக்கும் முறையே. புதிதாய் வாங்கி வரும் வீட்டில் சாதாரணமாய் நடப்பது இது: அரிசிக்கு வைப்பது போல் பானை நிறைய உலை வைத்துச் சாமையைக் கொட்டுகின்றனர். அரிசி வேகும் நேரம் வரை காத்திருந்து பார்க்கும்போது அது குழைந்து கூழாகியிருக்கும். வடிக்க முயன்றால் கஞ்சியோடு சோறும் போகும். மறுமுறை அஞ்சி நீரைக் குறைத்தால் மேற்புறம் விறைத்து நிற்கும். வீட்டுப் பெரியவர் இரண்டு கவளம் உண்டு தட்டைத் தள்ளிவைப்பார். பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். அப்பொட்டலம் பரண்மேல் ஏறிப் பூச்சிக்கு இரையாகும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. சாமையை வடிக்கக் கூடாது என்பதே முதல் விதி. சாமையரிசியை அகன்ற தட்டில் பரப்பி, உமி நீங்காத மணிகளைப் பொறுக்கி, நீரில் இட்டுக் கொழித்துக் கல்லை அகற்ற வேண்டும். பின்பு அரை மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்துவிடல் வேண்டும். ஒரு ஆழாக்குச் சாமைக்கு இரண்டரை ஆழாக்கு நீர் கொதிக்க வைத்து, உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, நீர் தளதளவென்று கொதிக்கும்போது சாமையை இட்டு ஒரு முறை மட்டும் கிளற வேண்டும். நீர் மேற்பரப்பிற்குச் சமமாய் வற்றியவுடன் தீயைக் குறைத்து மூடிவிட்டால், பத்து நிமிஷத்திற்குள் வெந்துவிடும். இறக்கிய பின் மூடியைத் திறவாமல் மற்றும் பத்து நிமிஷம் விட்டுவைத்தல் இன்றியமையாதது. இடையில் திறந்து கிளறுவதே கட்டியாவதற்குப் பெருங்காரணம். குக்கரில் சமைப்போர் இரண்டு பங்கு நீருடன் இரண்டு சத்தத்தில் இறக்கலாம்.

சாமைச் சோறு ஆறினால் இறுகும் இயல்புடையது. ஆகையால் சூடாயிருக்கும்போதே உண்ணுதல் வேண்டும். சாம்பாரும் ரசமும் அரிசிச் சோற்றிற்கு வைப்பதைவிடச் சிறிது தளர்வாய் இருத்தல் வேண்டும். காட்டிற்குக் கட்டிச் செல்வதாயின் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு போன்றவை ஏற்றவை. எண்ணெய்ப் பசை இறுகாமல் காக்கும். தயிர்ச் சோற்றிற்கு ஒன்றுக்கு மூன்று பங்கு நீர் வைத்துக் குழைய வேகவைத்து, சூட்டிலேயே மசித்துப் பால் ஊற்றி, ஆறிய பின் தயிர் சேர்த்தால் மாலை வரையிலும் தளர்வாய் இருக்கும்.

பொங்கலுக்குச் சாமை ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, நீர் ஐந்து பங்கு. மிளகும் சீரகமும் இஞ்சியும் நெய்யில் தாளித்த இப்பொங்கலை, முதன்முதலாய்ச் சாமை உண்பவருக்குத் தருவது நலம். அரிசிப் பொங்கலுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது. கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று அன்னதானம் செய்வோரும் இதனைச் செய்து பார்க்கலாம். இட்டிலிக்குச் சாமை மூன்று பங்கு, இட்டிலி அரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு, சிறிது வெந்தயம் என்பது சரியான அளவு. சாமையை வெண்ணெய் போல் அரைத்துவிட்டால் இட்டிலி தட்டையாகும். சிறு நொய்ப் பதத்தில் எடுக்க வேண்டும். கோடையில் மாவு விரைவில் புளித்துவிடுமாதலால் கண்காணிப்பு அவசியம். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் எட்டுப் பங்கு நீரில் காய்ச்சி மோர் கலந்த சாமைக் கஞ்சி நல்ல ஆகாரம்.

சத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டியிருக்கின்றது. சாமையில் இரும்புச் சத்து அளவின்றி இருப்பதாகப் பல பொட்டலங்களில் அச்சிடப்படுகின்றது. பழைய உணவுப் பட்டியலில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் என்று இருந்ததே இதற்கு மூலம். மேற்கூறிய 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் அது 1.3 மில்லிகிராம் அளவே. இரத்தச் சோகையுள்ள பெண்கள் சாமையை மட்டும் நம்பியிராமல் முருங்கைக் கீரை, பருப்பு முதலியவற்றையும் உண்பதும், மருத்துவர் தரும் மாத்திரைகளை விடாதிருப்பதும் அவசியம். தீட்டிய அரிசியைவிடச் சாமையில் நார்ச்சத்து மிகுதியாதலால் நீரிழிவுள்ளோருக்கு அது நல்லதே. ஆயினும் அதுவும் மாவுச்சத்துள்ள தானியமே. அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறாமல் இராது. லைசின் குறைவோ, நம் வழக்கப்படி பருப்புச் சாம்பாருடன் உண்ணும்போது நிறைவாகிவிடுகின்றது. கீன்வாவின் தனிச் சிறப்பு நம் அடுக்களையில் துவரையாலும் பயறாலும் ஈடுசெய்யப்படுவதை இதனால் அறியலாம்.

தீட்டும் விஷயத்தில் குடியானவர்கள் கண்ணாயிருக்க வேண்டும். சாமையின் சத்தும் நாரும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளன. கடையில் பால்போல் வெளுத்திருக்கும் சாமை அவற்றை இழந்தது. அதற்கும் அரிசிக்கும் வேற்றுமை சிறிதே. உமி மட்டும் நீங்கிய சாமை சற்று மங்கிய சாம்பல் நிறமாயிருக்கும். ஆனால் தவிட்டிலுள்ள எண்ணெய் காரணமாக இது சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வணிகர் மிகுதியாய்த் தீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சொந்த நிலத்தில் விளைவிப்போருக்கு இத்தொல்லை இல்லை. உமியோடு கூடிய தானியம் உலர்ந்த குதிரிலோ சாக்கிலோ ஆண்டுக்கணக்கில் கெடாது. மாதந்தோறும் வேண்டிய அளவை மட்டும் இயந்திரத்தில் கொடுத்து உமி நீக்கி வருதல் போதும்.

ஐவர் உள்ள குடும்பம் நாள்தோறும் ஒரு வேளை சாமை உண்பதாயின், வேளைக்கு 400 கிராம் வீதம் ஆண்டிற்கு 146 கிலோ சாமையரிசி வேண்டும். 100 கிலோ தானியத்தில் ஏறக்குறைய 60 முதல் 65 கிலோ அரிசி தேறும்; ஆகவே 225 முதல் 245 கிலோ தானியம் போதும். நல்ல மழையுள்ள ஆண்டில் ஏக்கருக்கு 500 முதல் 600 கிலோ கண்டால், அரை ஏக்கர் இதற்கு ஈடுகொடுக்கும். களத்துமேட்டிலேயே முழுவதையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, அதே சாமையைத் தீட்டிய பொட்டலமாகப் பன்மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குவோர் இக்கணக்கைச் சற்று நோக்குவார்களாக.

கீன்வாவையே பயிரிட்டால் என்ன என்று வினவுவோருக்கு: அது குளிர்ந்த பருவத்தை விரும்பும் பயிர், பூக்கும் காலத்தில் கடும் வெப்பம் தாக்கினால் மணி பிடிக்காது. ஆந்திராவின் அனந்தபூர்ப் பகுதியிலும் ராஜஸ்தானத்திலும் பயிரிட்டுப் பார்த்துள்ளனர். ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டைக் கீன்வா ஆண்டாக அறிவித்த பொழுது உலகச் சந்தையில் அதன் விலை உச்சத்திற்கு ஏறியது. இரண்டு ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே சரிந்து, பொலிவியாவின் மலைக்குடியானவர்களையே திகைக்க வைத்தது. வாங்குவோர் யாரென்று அறியாமல் புதுப்பயிரில் நிலம் முழுவதையும் இறக்குதல் விவேகமன்று. வீட்டுக் கொல்லையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு பாத்தி விதைத்துப் பார்ப்பதற்குத் தடையில்லை. அதன் கீரையும் உண்ணத் தக்கதே.

சாமைக்கோ உதவி அருகிலேயே உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் இயங்கி வருகின்றது. அங்கு உருவான ஏ.டி.எல். 1 என்னும் சாமை இரகம் 2019-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 85 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும். ஆடிப்பட்டத்தில் முதல் மழையை ஒட்டி விதைத்தால் குருத்து ஈயின் தொல்லை குறையும். கை விதைப்பிற்கு ஏக்கருக்கு 5 கிலோ, வரிசை விதைப்பிற்கு 4 கிலோ விதை போதும். கிராம நிர்வாக அலுவலர்களும் உதவி வேளாண்மை அலுவலர்களும் தம் சரகத்தில் சாமை விதைக்க விரும்புவோரின் பெயரையும் பரப்பையும் வைகாசி முடிவதற்குள் குறித்துக்கொள்ளலாம். ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், உமி நீக்கும் இயந்திரம் உள்ள இடத்திற்கு மாதம் ஒரு முறை ஒரே வண்டியில் தானியத்தை அனுப்பிவைக்க இயலும். தீட்டாமல் உமியை மட்டும் நீக்கித் தரும்படி ஆலைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடில் அவர் வெளுக்கத் தீட்டியே கொடுப்பார்.