உங்களுக்குத் தெரியுமா? – குரலை உயர்த்தாத பாடகி

● பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக ரேடியோ கேட்பதா, கிட்டார் கேட்பதா என்று தடுமாறிய 16 வயதுப் பாரிஸ் பெண் கடைசியில் கிட்டாரைக் கேட்டாள். மூன்று நான்கு கார்டுகள் (சுரக்கூட்டுகள்) வசப்பட்டதுமே சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டாள். அவர்தான் பிரான்சுவாஸ் ஹார்டி.

● 1962 அக்டோபர் 28. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா என்று பிரான்சில் பொதுவாக்கெடுப்பு நடந்த நாள். முடிவு தெரிந்துகொள்ள மக்கள் டி.வி. முன் காத்திருந்தார்கள். அறிவிப்புகளுக்கு இடையே பாட வந்தார் 18 வயது ஹார்டி. பாட்டு, 'தூ லே கர்சோன் ஏ லே ஃபீய்'. தன் வயதுக்காரர்கள் எல்லாம் ஜோடியாகப் போக, தான் மட்டும் தனியே நடக்கும் ஒரு பெண்ணின் மனசு அது. அவரே எழுதியது. வாக்கெடுப்புச் செய்திக்காக உட்கார்ந்தவர்கள் அந்தக் குரலை மறக்கவில்லை.

● அன்றைய பிரெஞ்சு இளசுகளின் பாட்டுக்கு 'யே-யே' என்று பெயர். ஆங்கிலப் பாட்டுகளில் வரும் 'யே யே' கூச்சலிலிருந்து பிறந்த பெயர். அந்தக் கூட்டத்தில் பலரும் அடுத்தவர் எழுதியதைப் பாடினார்கள். ஹார்டி தன் பாட்டைத் தானே எழுதினார். அவரைத் தனித்து நிறுத்தியது அதுதான் என்பேன்.

● 1963 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவர் பாடியது பிரான்சுக்காக அல்ல, மொனாக்கோவுக்காக!

● தன் ஆரம்பகால இசைத்தட்டுகளின் பின்னணி இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் லண்டனுக்குப் போய், சார்லஸ் பிளாக்வெல்லின் இசையமைப்பில் பதிவு செய்தார். பாட்டின் நிறமே மாறியது.

● அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் நேரில் பார்ப்பதற்கு முன்பே, 1964இல் வந்த தன் ஆல்பத்தின் பின்னட்டையில் ஹார்டிக்கு ஒரு கவிதை எழுதியிருந்தார். 1966 மே 24, டிலனுக்கு 25 வயது நிறைந்த நாள். பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் கச்சேரி. இடைவேளையில் ஹார்டிக்குச் சேதி வந்தது: நீங்கள் வந்து பார்த்தால்தான் அவர் மறுபடி மேடை ஏறுவாராம்! போய்ப் பார்த்தார். அன்றிரவு ஹோட்டல் அறையில், இன்னும் பிரான்சில் வெளிவராத தன் பாட்டுகளை அவருக்குப் போட்டுக் காட்டினார் டிலன்.

● ஆடை வடிவமைப்பாளர் பாக்கோ ரபான் உலோகத் தகடுகளைக் கோத்துச் செய்த குட்டை உடை, இன்னொரு வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரனின் ஆண்பிள்ளை கோட்டு சூட்டு, எல்லாம் அவருக்குப் பொருந்தின. ஆனால் மேடை என்றால் நடுக்கம். 1968இல், 24 வயதிலேயே, கச்சேரி பாடுவதை நிறுத்திவிட்டார். இசைத்தட்டுகள் மட்டும் நிற்கவில்லை.

● அதே ஆண்டு வந்த 'கொமான் த தீர் அதியூ' ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டு. அதற்குப் பிரெஞ்சு வரிகள் எழுதிய செர்ஜ் கான்ஸ்பூர், 'எக்ஸ்' ஒலியில் முடியும் இயைபுகளாகவே அடுக்கினார். கண்ணீர் துடைக்கும் 'க்ளீனெக்ஸ்' தாளும் அதில் உண்டு!

● அவரை அறிய ஒரே ஒரு ஆல்பம் கேட்பதென்றால், 1971இல் வந்த 'லா கெஸ்தியோன்' கேளுங்கள். பிரேசில் நாட்டு இசைக்கலைஞர் தூக்காவின் கிட்டார், கொஞ்சம் தந்தி இசை, காதருகே பேசுவதுபோல் அந்தக் குரல். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. அன்று பெரிதாக விற்கவில்லை. இன்று அவருடைய மிகச் சிறந்த ஆல்பம் இதுவே என்று பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

● பல ஆண்டுகள் புற்றுநோயோடு போராடியபடியே 2018இல், 74 வயதில், கடைசி ஆல்பத்தைத் தந்தார். 2024 ஜூன் 11 அன்று மறைந்தார். அவர் மகன் தோமா, தானும் பாடகர், கைக்குழந்தையாகத் தான் அம்மாவோடு இருக்கும் பழைய படத்தை வெளியிட்டு, பிரெஞ்சில் மூன்றே சொற்கள் எழுதினார்: அம்மா போய்விட்டார்.