இயந்திரத்தின் அடியில் ஒரு றப்பர்த் துண்டு

காலபோக உழவு தொடங்கிவிட்டால் ஜெயபுரத்திலே சேவல் கூவுமுன் இயந்திரம் கூவிவிடும். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவில், மன்னார் – பூநகரி வீதியை ஒட்டிக் கிடக்கும் இவ்வூர், வானத்தை நம்பி நெல் விதைக்கும் ஊர்களுள் ஒன்று. முதல் மழை மண்ணை நனைத்ததும், எந்த நிறுவனம் செய்ததாயினும் எம்மவர் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கும் இருசக்கர உழவு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிடுகின்றன.

சென்ற காலபோகத்தில் எமது மாணவர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். உழவை முடித்து வந்த அவருடைய தந்தையார் தேநீர்க் கோப்பையை வாங்கினார். கோப்பை நடுங்கிற்று, தேநீர் சிந்திற்று. “கை விறைச்சுப் போச்சு சேர். கொஞ்ச நேரத்தில மாறிவிடும்” என்று அவர் நகைத்தார். ஆனால் அவருடைய துணைவியார் நகைக்கவில்லை. முன்பு அரை மணி நேரத்தில் மாறிய விறைப்பு இப்பொழுது இரவிலும் தொடர்கின்றதென்றும், சட்டைப் பொத்தானை மகளே பூட்டிவிட வேண்டியிருக்கின்றதென்றும் அவர் மெல்லச் சொன்னார்.

அதே வேளையில் மாணவர் தமது கைப்பேசியில் ஒரு காட்சியை எமக்குக் காட்டினார். கனடாவிலுள்ள அவருடைய மைத்துனர் பனிமலையில் ஏறும் ஊர்தி ஒன்றைச் செலுத்துகின்றார். அதன் இயந்திரத்தைத் தாங்கும் மென்மையான றப்பர்த் தாங்கிகளைக் கழற்றிவிட்டுக் கடினமானவற்றைப் பூட்டியதும் வண்டி பாய்ந்து செல்கின்றதாம். “சேர், எங்கட ஓட்டோவுக்கும் இப்பிடிச் செய்தால் என்ன?” என்று கேட்டார் மாணவர்.

தந்தையின் கைக்கும் தனயனின் கேள்விக்கும் விடை ஒன்றே என்பதை அவ்வேளையில் இருவரும் அறியார். அவ்விடையைக் குடும்பத்தார் யாவரும் விளங்கிக்கொள்ளுமாறு இங்கு கூற முயல்கின்றோம்.

மிதக்கும் இயந்திரம்

உருளைக்குள் எரிபொருள் வெடிக்கிறது. முசலம் மேலும் கீழும் பாய்கிறது. இப்பாய்ச்சலால் இயந்திரம் தன்னைத் தாங்கும் சட்டத்தையும் உலுக்குகிறது. தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் இயந்திரத்தைச் சட்டத்தோடு இறுகப் பூட்டினர். அதனால் அந்த உலுக்கம் முழுவதும் பிரயாணியின் முதுகெலும்பிற்கே வந்து சேர்ந்தது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் வண்டியில் இயந்திரத்தை றப்பரின்மேல் இருத்தி, அது தன் பாட்டில் அசைந்தாட இடங்கொடுத்தது. ‘மிதக்கும் வலு’ என்று இதற்குப் பெயரிட்டனர். பிரான்சின் சித்ரோயன் நிறுவனமும் இம்முறையை உரிமை பெற்றுக் கையாண்டது; நீரில் அலுங்காது மிதக்கும் அன்னப் பறவையே அதற்கு அடையாளமாயிற்று.

அந்த றப்பருக்கும் எமது நாட்டுக்கும் பழைய உறவுண்டு. பிரேசிலிலிருந்து வந்த வித்துக்கள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் வேரூன்றின. 1952இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி எமது றப்பர் சீனா சென்றது. அங்கிருந்து அரிசி இங்கு வந்தது. நெல்லும் றப்பரும் அன்றே ஒரே தராசில் ஏறிய பண்டங்கள்.

பனிமலையில் ஏன் கடினம்?

கனடாவின் உயர்ந்த மலைகளிலே காற்று அடர்த்தி குறைந்தது. காற்றுக் குறைந்தால் எரிதல் குறையும், வலுவும் குறையும். ஆகவே இயந்திரம் வெளியேற்றும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகின்றனர். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற இவ்வழியையே இன்று டர்போ என்கின்றோம்.

பனியூர்தியில் இயந்திரத்தின் வலு ஒரு றப்பர்ப் பெல்ற்றின் வழியாக ஒரு கப்பியிலிருந்து மற்றொரு கப்பிக்குச் செல்கின்றது. டர்போவினால் வலு மிகும்போது பெல்ற் இயந்திரத்தையே தன்பால் இழுக்கின்றது. தாங்கி மென்மையாயின் இயந்திரம் நகரும், கப்பிகள் நேர்தப்பும், பெல்ற் உராய்ந்து, சூடேறி, அறுந்துபோகும். ஆளற்ற பனிக்காட்டில் பெல்ற் அறுவது உயிராபத்து. ஆகவேதான் அங்கு கடினமான தாங்கியை நாடுகின்றனர். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. கைபிடி அதிரும்; மரைகள் தளரும்; சட்டத்தில் வெடிப்புத் தோன்றும். அதனால் அறிவுடையோர் மென்மையான றப்பரை வைத்துக்கொண்டே, பெல்ற் இழுக்கும் திசையில் மாத்திரம் இயந்திரம் நகராதவாறு ஒரு தடுப்புத் தண்டைப் பூட்டுவதும் உண்டு. தீமை வரும் வழியை மட்டும் அடைப்பதே அவர்தம் நுட்பம்.

ஓட்டோவின் நிலை

ஓட்டோவுக்கு இத்தேவை இல்லை. அதன் சிறிய இயந்திரத்தில் தாங்கியை இழுத்து வளைக்கும் வலுவும் இல்லை; கடினமான தாங்கி புதிய வலுவை உண்டாக்குவதும் இல்லை. ‘பாய்கிறது’ என்று தோன்றுவதற்குக் காரணம், இயந்திரத்தின் சிறு துடிப்பும் உடனே உடலுக்குத் தெரிவதே.

இனி, பௌதிகம் கூறுவதைக் கேட்போம். ஊஞ்சலுக்குத் தனக்கென ஒரு தாளம் இருப்பதுபோல, றப்பரின்மேல் இருக்கும் இயந்திரத்துக்கும் ஓர் இயற்கை மீடிறன் உண்டு. இயந்திரத்தின் துடிப்பு அதனோடு ஒத்துப்போனால் பரிவு உண்டாகி ஆட்டம் பன்மடங்காகும். துடிப்பு அதனிலும் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டாற்றான் றப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். ஓட்டோவை நிறுத்தும்போது ஒரு கணம் உலுக்கி ஓய்வதைப் பலரும் கண்டிருப்பர். இயந்திரம் அந்தத் தாளத்தைக் கடந்து இறங்கும் கணம் அதுவே. தாங்கியை நான்கு மடங்கு கடினமாக்கினால் இயற்கை மீடிறன் இரு மடங்காகும். அப்போது ஒரு கணம் வந்துபோன உலுக்கம், வண்டி ஓடாது நின்று இயங்கும் வேளையெல்லாம் குடிகொள்ளக்கூடும். பின்னிருக்கையில் அமரும் முதியவருக்கும் கருவுற்ற தாய்க்கும் அது நன்மையாகுமா?

றப்பர் இல்லாத கைபிடி

இனித் தந்தையாரிடம் வருவோம். இருசக்கர உழவு இயந்திரத்திலும் பெல்ற்றும் கப்பியும் உண்டு. ஆனால் அங்கு சிக்கலை எளிதாகத் தீர்த்துவிட்டனர். இயந்திரத்தைச் சட்டத்தோடு மரையாணிகளால் இறுகப் பூட்டுகின்றனர்; பெல்ற் தளர்ந்தால் ஆணிகளை நெகிழ்த்தி, இயந்திரத்தை முன்னே தள்ளி, மீண்டும் இறுக்குகின்றனர். பெல்ற் நேர்தப்பாது, வேலையும் நடக்கும். ஆனால் அதிர்வு எங்கே போகும்? இரண்டு நீண்ட கைபிடிகளின் வழியே உழவனின் விரல்களுக்கே போகும். நிமிடத்துக்கு 2400 சுற்றுச் சுழலும் ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 1200 வெடிப்புகள், செக்கனுக்கு 20. செக்கனுக்கு 8 முதல் 16 வரையிலான அதிர்வையே கைக்கு மிகத் தீயதாகச் சர்வதேச அளவுமுறை மதிப்பிடுகின்றது. உழவனின் கை அதன் அண்டை வீட்டில் குடியிருக்கின்றது.

1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன், இந்தியானா மாநிலத்துச் சுண்ணக்கற் கொத்தர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து, அவர்கள் பிடித்த காற்றுச் சுத்தியலின் அதிர்வே காரணம் என்று காட்டினார். எமது வெப்ப நாட்டில் விரல் வெளுப்பது அரிது. ஆகவே நோய் இல்லையென்று எண்ணிவிடுகின்றோம். விறைப்பு, கூச்சம், பிடி தளர்தல் என்பனவாக அது வேறு உருவில் வருகின்றது. தொடக்கத்திலேயே அதிர்வைக் குறைத்தால் கை தேறலாம். நரம்பு மிகக் கெட்டபின் முற்றும் மீளாமலும் போகலாம்.

செய்யத்தக்கவை பெருஞ் செலவுடையனவல்ல. இயந்திரத்தைப் பூட்டிய மரைகளை உழவுக்கு முன் ஒவ்வொரு நாளும் பார்த்து இறுக்குதல் வேண்டும். தேய்ந்த கைபிடி றப்பரை மாற்றுதல் வேண்டும். கைபிடியைத் தேவைக்கு மேல் இறுகப் பற்றாதிருத்தல் நன்று. ஒருவரே நாள் முழுதும் உழாது, மணிக்கு ஒருமுறை ஓய்ந்து, ஆள் மாறி உழுதல் நன்று. விறைப்பு இரவிலும் நீடித்தால் வைத்தியரிடம் செல்லத் தயங்கலாகாது. ஓட்டோவின் தாங்கி கெட்டால் மரக்கட்டையோ இரும்புத் தகடோ செருகாது, உரிய றப்பரையே பூட்டுதல் வேண்டும். எண்ணெய் கசிந்து றப்பரில் படவிடலாகாது. எண்ணெய் பட்ட றப்பர் ஊதி மென்மையாகிக் கெடும்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். “அப்ப, அப்பாவின்ர கைதான் சேர் இந்த லாண்ட்மாஸ்டரின்ர றப்பர்” என்றார் பின்னர். எமது பாடநூல் எதிலும் இத்துணைச் சுருக்கமான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

அடுத்த முறை நாம் சென்றபோது ஓட்டோவில் பழைய வகைத் தாங்கியே புதிதாகப் பூட்டப்பட்டிருந்தது. வயலில் காலை உழவைத் தந்தையாரும் மாலை உழவை மகனும் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். தந்தையார் கிளிநொச்சி சென்று வைத்தியரையும் கண்டு வந்திருந்தார். கை முற்றாகத் தேறவில்லை. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அன்று தேநீர் சிந்தவில்லை.