தொட்டிலும் தொழிலும்

உலகில் தாய்மை எத்துணைப் பழைமை வாய்ந்ததோ அத்துணைப் பழைமை வாய்ந்தது தாயின் உழைப்பும். நாற்று நடச் செல்லும் பெண் வரப்போரத்து வேப்பமரக் கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டி, அதில் மகவை உறங்க வைத்துவிட்டுச் சேற்றில் இறங்குவது நம் நாட்டு வழக்கம். களத்துமேட்டிலும், செங்கற் சூளையிலும், தேயிலைத் தோட்டத்திலும் தாயர் உழைத்தே வந்துள்ளனர். ஆதலின், மாதர் வேலைக்குச் செல்வது இக்காலத்துப் புதுமை என்பார் கூற்று ஆராயாது கூறியதேயாம். புதுமை யாதெனின், தொட்டிலுக்கும் தொழிலுக்கும் இடையே நேர்ந்துள்ள தொலைவு. மரத்திற் கட்டிய தூளி கூப்பிடு தூரத்தில் இருந்தது. குழந்தை அழுதால் தாய் கரையேறிப் பாலூட்டித் திரும்புவாள். அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆலையிலும் பணி செய்வாளுக்கு அது பெரும்பாலும் இயலாது. இத்தொலைவை நாள்தோறும் கடக்கும் தாயின் நிலை எத்தகையது, அதனைக் குறைக்கும் வழி யாது என்பவற்றை, கல்லூரியில் பாடஞ் சொல்லும் தொழிலும் இரண்டாண்டு நிரம்பாத பெண்மகவும் உடைய யாம், அறிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் காலைப் பொழுதைக் காண்போம். நாலரை மணிக்கு எழுந்தால், குழந்தை விழிக்கும் வரை ஒன்றரை மணி நேரம் எமக்குரியது. அதற்குள் சோறும் குழம்பும் ஆகவேண்டும். இட்டிலி வெந்திருக்க வேண்டும். குழந்தைக்குரிய கேழ்வரகுக் கூழைக் காய்ச்சி, மாற்றுத் துணிகளுடன் பையில் வைத்தாக வேண்டும். அன்றைய பாடத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஆறு மணிக்குப் பின் செய்யும் எவ்வேலையும் இடுப்பில் குழந்தையுடன் செய்யும் வேலையே. எட்டு மணிக்கு அவளைக் காப்பகத்தில் விட்டு, எட்டேகால் பேருந்தைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். இந்நியமத்தில் எப்பகுதியும் தனியே நோக்கின் அரியதன்று. ஆயின், மாலையில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் மணிகள் யாவும் சிந்துவது போல, ஒன்று பத்து நிமிடம் பிந்தினால் ஏனைய யாவும் பிந்துகின்றன. சிரமம் வேலையில் இல்லை. ஒரு வேலையினின்றும் மற்றொன்றிற்குக் கடக்கும் அவ்விடத்தில் இருக்கின்றது.

அத்தகைய இடங்களுள் முதலாவது காப்பகத்தின் வாயில். ஆங்குக் குழந்தை அழும் அழுகை தாயின் நெஞ்சை அறுக்கும். எனினும், அதன் காரணத்தை அறியின் துயரம் ஒருவாறு தணியும். எட்டு மாத அளவில், கண்ணுக்கு மறைந்த தாய் எங்கோ இருக்கின்றாள் என்பது குழந்தைக்கு நன்கு விளங்கத் தொடங்குகின்றது. அவள் எப்பொழுது திரும்புவாள் என்பதை அறியும் காலவுணர்ச்சியோ அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தின் அழுகையே இது. பெரும்பாலும் 10 முதல் 18 மாதம் வரை மிகுந்து, மூன்றாண்டு நிரம்பும் அளவில் தணிவது இதன் இயல்பு. ஆதலின், குழந்தை அழுவது தாய் கொடியவள் என்பதற்குச் சான்றன்று; தாயை அது நன்கறிந்துள்ளது என்பதற்கே சான்று. குழந்தை விளையாடும்பொழுது பின்வாயில் வழியே நழுவிச் செல்வது தவறு. அதனால் தாய் எந்நேரமும் மறைந்துவிடக் கூடும் என்ற அச்சமே வேரூன்றும். நாள்தோறும் ஒரே சொற்களைக் கூறி, சுருக்கமாக விடைபெற்று, சொன்ன வேளையில் திரும்பி வருதலே நன்று. யாம் "பால் குடித்ததும் அம்மா வந்துவிடுவேன்" என்று சொல்லி வருகின்றோம். மாலையில் பால் குடித்தானதும் அவள் வாயிலை நோக்கி அமர்ந்திருப்பாள் எனக் காப்பகத்து அக்காள் கூறுகின்றார்.

இரண்டாவது, பாலூட்டல். 1919-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம், தொழில் செய்யும் தாய்க்குப் பிரசவத்தின் பின் 6 வாரம் ஓய்வும், பாலூட்டுதற்கு நாளொன்றுக்கு இருமுறை அரைமணி நேரமும் தரவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. பம்பாய் மாகாணத்தில் 1929-இல் பிரசவ உதவிச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் 1961-இல் நாடு முழுமைக்குமான சட்டம் இயற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்தினின்றும் 26 வாரமாக உயர்த்திற்று. தமிழ்நாட்டு அரசு, தன் பெண் ஊழியர்க்கு இதனை 2021-இல் 12 மாதமாக்கியது.

விடுப்பு முடிந்த பின்னும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை. கறந்து தூய பாத்திரத்தில் மூடி வைத்த பாலை 25 பாகை செல்சியஸ் வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம்; குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தே 4 நாள் வரை வைக்கலாம். நம் கோடையில் அறையின் வெப்பம் அவ்வெல்லையை எளிதிற் கடத்தலால், உடனே குளிரூட்டுதலே தக்கது. அதனை அடுப்பில் நேரே காய்ச்சாது, பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்க வேண்டும். இம்முறைகளைக் கூறுதல் எளிது. கறப்பதற்குத் தாழிடக்கூடிய ஓர் அறை அலுவலகத்தில் இல்லையேல் இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும். அத்தகைய அறையொன்றின்றி, முதல் மாதங்களில் யாம் பழைய பதிவேடுகள் அடுக்கிய அறையில் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அமர்ந்ததுண்டு.

மூன்றாவது, குழந்தை நோயுறும் நாள். சென்ற கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல் வகுப்பின் நடுவே காப்பகத்தினின்றும் தொலைபேசி அழைத்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றனர். அனுமதி வேண்டி நின்றபொழுது, "பெண்களுக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒருவர் பிறர்க்குக் கூறியது எம் செவியில் விழுந்தது. மழையில் பேருந்து கிடைத்து யாம் போய்ச் சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அன்றிரவு, அவள் காய்ச்சல் தணிந்து உறங்கிய பின், பணியினின்றும் விலகுவதாகக் கடிதம் எழுதினோம். அதனைப் படித்த எம் கணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "காப்பகத்திலிருந்து என் அலுவலகம் பத்து நிமிட நடை. என்னை ஏன் அழைக்கவில்லை?" என்றார். "அவர்கள் ஏட்டில் உங்கள் எண்ணே இல்லை, யாரும் கேட்கவில்லை, நானும் தரவில்லை" என்றோம். மறுநாட் காலை அவரே குழந்தையைத் தூக்கிச் சென்று, தம் எண்ணை முதலாவதாக எழுதுவித்து வந்தார். கடிதம் கொடுக்கப்படவில்லை.

இச்சிறு நிகழ்ச்சி எம் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றில் செலவிடுவது 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆடவர் செலவிடுவது 88 நிமிடம். வேலையிலிருந்து வீடு திரும்பும் தாய் ஓய்விற்குத் திரும்புவதில்லை, இரண்டாம் பணிக்கே திரும்புகின்றாள் என்பதை இவ்வெண்கள் தெளிவாக்கும். "உதவி செய்கிறேன்" என்னும் ஆடவர், வேலை தம்முடையதன்று என்பதையே அச்சொல்லால் உணர்த்துகின்றனர். உதவியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்; கடமையை எவரும் கேட்க வேண்டுவதில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கது இதுவாக, நிறுவனங்கள் செய்யத்தக்கது யாது? தொட்டிலைத் தொழிலின் அருகே கொணர்தலே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1969-இல் தில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலிப் பெண்களின் மக்களுக்கெனக் காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டு, பின்னர் அது நடமாடும் காப்பக இயக்கமாக வளர்ந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தமோ, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்தல் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றன. பல நிறுவனங்கள் கூடிப் பொதுவான காப்பகம் அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆயினும், சிறு கடையிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்யும் தாயர்க்கு இவ்விதிகள் எட்டுவதில்லை. சட்டம் பிரசவத்தை அடுத்த வாரங்களை நன்கு நினைந்தது; அதன்பின் வரும் ஆயிரம் சாதாரண நாட்களை இன்னும் முற்றும் நினைந்திலது.

இக்கல்லூரியில் பயிலும் மாணவர்காள்! நாளை நீவிர் தந்தையரும் தாயரும் ஆவீர். சிலர் அலுவலகத் தலைவரும் ஆவீர். தந்தையாயின், காப்பகத்தின் ஏட்டில் நும் எண்ணை எழுதுவிக்க மறவற்க. தலைவராயின், தாழிடக்கூடிய ஓர் அறையை ஒதுக்குக; காய்ச்சலுற்ற குழந்தையின்பொருட்டு விடுப்பு வேண்டி நிற்போரை இகழாது விடை கொடுத்து அனுப்புக. இவை பெருஞ்செலவு உடையன அல்ல. வேப்பமரத்துத் தூளியும் பெருஞ்செலவில் அமைந்ததன்று; தாய்க்குக் கேட்கும் தூரத்தில் இருந்ததே அதன் சிறப்பு.