கருவாடும் இரைப்பையும்

உப்புக்குளத்து நேயர்களே, கருவாட்டு உப்பைப் பற்றி மருத்துவ ஆய்வு சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. 1984இல் அவுஸ்திரேலிய மருத்துவர் பரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். எவ்வளவு துணிச்சல்! 2005இல் அவருக்கும் சக ஆய்வாளர் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஆனால், உப்பு மிகுந்த உணவு இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தி, ஆபத்தைக் கூட்டுகிறது.

கருவாட்டைக் கைவிட வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை கழுவிச் சமையுங்கள். குழம்புக்கு உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிகூட வராது.

கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைகிறதா? காரணமில்லாமல் மெலிகிறீர்களா? மலம் தார்போலக் கறுக்கிறதா? இவை இரைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ‘கேஸ்ட்ரிக்’ என்று மாத்திரை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து வைத்தியரிடம் போங்கள். கமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாகச் செலுத்தி இரைப்பையைப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால், பெரும்பாலும் இரண்டு வார மருந்தில் அதை ஒழித்துவிடலாம்.